லயத்தில் ஒரு சொட்டும் விழவில்லை

ஒரே ஒருமுறை சரியாகச் சொன்ன மனிதரை ஆயுள் முழுக்க நம்பிய தோட்டம் எங்களுடையது. அந்த மனிதர் பெயர் அழகையா. சில்லறைக் கங்காணி. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே லயத்துக்குள், ஒற்றை வரிசைக் கூலிவீடுகளுக்குள், அடங்கிவிடுவார்கள். ஆனால் வானமும் தமக்குக் கீழேதான் வேலை செய்கிறது என்பது அவருடைய எண்ணம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கு அடுத்த சரிவில் இருந்தது. தலைக்கு மேலே நமுனுகுலை மலை, காலுக்குக் கீழே பதுளைப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே லயங்கள். லயத்துக்கும் பதுளைக்குப் போகும் வண்டிப் பாதைக்கும் இடையில் ஓர் ஆறு. அப்போது ரயில் பண்டாரவளையைத் தாண்டி வரவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து வண்டி பிடிக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில்தான் நான் பிரசவ வேலை கற்றேன். பிறகு தோட்டத்துக்கு மருத்துவச்சியாக வந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாசியும் பங்குனியும் எப்படிப் போகும் என்பது ஒன்றும் ரகசியமில்லை. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கு கொதிக்கும். கீழே இருந்த மூட்டமெல்லாம் மலையைப் பிடித்து மேலே போகும். மத்தியானச் சோறு தின்று முடிக்கும்போது நமுனுகுலையின் தலை கறுத்திருக்கும். அப்புறம் இடி. சில நாள் லயத்திலும் பெய்யும். சில நாள் மலை உச்சியில் மட்டும் பெய்யும். பதுளைக் கடைவீதியில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போவார்கள், மேலே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஜோசியம் வேண்டாம். தினமும் ஒரு தடவை தலையை நிமிர்த்தினால் போதும். கழுத்து வலிக்கும் என்றோ என்னவோ, எங்கள் தோட்டத்தார் அந்த வேலையை அழகையாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அது தொடங்கிய கதை இதுதான். மாசியில் காமன் கூத்து நடக்கும். கரும்பும் வைக்கோலும் வறட்டியும் கட்டிக் காமனை ஊன்றி, பல நாள் ஆடிப் பாடி, கடைசி நாளில் கொளுத்துவார்கள். ஒரு வருஷம் பெரிய வறட்சி. ஆற்றில் குடிதண்ணீருக்குக் குழி தோண்டினார்கள். காமன் எரியும்போது காற்று திரும்பிப் புகை மலைப் பக்கமாகச் சாய்ந்தது. அழகையா அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணில் புகை போய்க் கண்ணைக் கசக்கினார். கொஞ்சம் குடித்தும் இருந்தார். எல்லோரும் தம்மையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "பொகை மலைக்குப் போகுது. மழையக் கூட்டிக்கிட்டு வரும்" என்றார். அன்று ராத்திரியே கொட்டியது. பங்குனி நெருங்கும் காலத்தில் மழை கொட்டுவது அதிசயம் என்று நினைக்க எங்கள் தோட்டத்தாரால்தான் முடியும்.

அடுத்த வருஷத்திலிருந்து புகை அவருடையதாகிவிட்டது. புகை மலைக்குச் சாய்ந்தால் மழை உண்டு. பள்ளத்தாக்குக்குச் சாய்ந்தால் சித்திரை பிறக்கும்வரை மழை கிடையாது. நேராக மேலே போனால் சாமி இன்னும் முடிவு செய்யவில்லை. துரை பங்களாவிலிருந்து கழித்த பிரம்பு நாற்காலி ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் வாசலில் உட்கார்ந்தது. காமன் பொட்டலில் முதல் வெற்றிலை அவருக்கு. பெண்கள் மிளகாய் காயவைக்கக்கூட அவரைக் கேட்டார்கள். சொன்னது பலிக்காத நாளில் அவர் வெட்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

"கங்காணி, நேத்து மொளகா காயப்போடச் சொன்னீங்க. பாருங்க, ஊறுகா ஆயிருச்சு" என்று ஜெயலெட்சுமி என்ற கொழுந்துக்காரி ஒருநாள் முறத்தோடு வந்து நின்றாள்.

"எங்க போட்ட?"

"லயத்துக்குப் பின்னால."

"முன்னால போடுன்னு சொன்னேன்."

"முன்னால மட்டும் மழை பேயலையாக்கும்?"

"முன்னால போட்டிருந்தா சீக்கிரம் பாத்து எடுத்திருப்ப. போ, போ, சொன்ன பேச்சக் கேக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். மறுவாரம் மறுபடி வந்து கேட்டாள். அப்படிப்பட்ட சனம்.

சனத்தைச் சொல்லி என்ன பயன்? துரையே அப்படித்தான். பங்களா முற்றத்தில் மழை அளக்கச் செம்புக் குவளை ஒன்று வைத்திருந்தார். விழுந்துவிட்ட மழையைக் குவளையிடமும், விழப்போகிற மழையை அழகையாவிடமும் கேட்டுக்கொள்வார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது துரை குதிரையில் இருந்தபடியே, "அழகையா, என்ன சொல்றான் உன் சாமி?" என்பார். அழகையா தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு நாழிகை வானத்தைப் பார்ப்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த மனிதர் உயிர் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள், பூவம்மா. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணபதி என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். கெட்டியான பெண், அதிகம் பேசமாட்டாள். நான் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. விலாவுக்குக் கீழே, ஒரு பக்கமாகக் கிடைத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்த்தேன். திரும்பும், மறுநாள் பழையபடி கிடக்கும். இப்படிப்பட்ட பிரசவத்தை லயத்து அறையில் வைத்துப் பார்க்கக் கூடாது. டாக்டர் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை போகும், தாயும் போகலாம்.

அந்த வருஷம் காமன் எரிந்த புகை பள்ளத்தாக்குக்குச் சாய்ந்தது. சித்திரை பிறக்கும்வரை மழை இல்லை என்று அழகையா சொல்லிவிட்டார். ஆற்றின் மரப்பாலத்தில் தூண்களுக்கு மேலே இருந்த விட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. துரை பெரட்டில் வைத்துக் கேட்டார், பாலத்தைப் பிரித்துப் புதிதாகப் போட இதுதான் நேரமா என்று. அழகையா தலையாட்டினார். அன்றைக்கே பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டார்கள். புது விட்டம் வரும்வரை சனம் கல்லுக்குக் கல் தாவி ஆற்றைக் கடந்தது. தண்ணீர் கணுக்கால்கூட நனையாத அளவுதான்.

நான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பதுளையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி ராமாமிர்தத்துக்கு இரண்டு பிரசவம் நான் பார்த்திருந்தேன். அவள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. பூவம்மா அங்கே போய் இருந்துகொண்டால், வலி வந்ததும் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

"கங்காணி, பூவம்மாவ நாளைக்கே பதுளைக்குக் கூட்டிப் போகணும்" என்றேன்.

"வலி வந்துருச்சா?"

"வரல. வந்தப்புறம் கெளம்பினா ஆத்தத் தாண்ட முடியுமோ என்னமோ."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ஆத்துல கொக்கு நிக்கத் தண்ணி இல்லம்மா."

"மலையில பேஞ்சா?"

"சித்திரை பொறக்குறவரைக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன்ல?"

"யாருகிட்டச் சொன்னீங்க? மலைகிட்டயா?"

அவர் மனைவி நல்லம்மா அடுப்படியில் இருந்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முகம் கறுத்தது. பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது.

"ஒங்களுக்குப் புரியாதும்மா. எம்பேச்ச நம்பித் தொரை பாலத்தையே பிரிச்சுப்புட்டாரு. இப்ப நானே எம்மகள ஆத்துக்குப் பயந்து முன்கூட்டி அனுப்பிச்சா, என்ன அர்த்தம்? நாளைக்குப் பெரட்டுல நான் எப்பிடி நிப்பேன்? லயம் பூராச் சிரிக்காது?"

"சிரிக்கட்டும்ப்பா. நான் போறேன்" என்றாள் பூவம்மா.

"நீ சும்மா கெட. ஒம்புருஷன் வரட்டும்."

புருஷன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணபதி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்து, "மாமா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றான். சோறு தின்றான், போய்விட்டான்.

துரையிடம் போனேன். வராந்தாவில் நிறுத்திப் பேசினார். பாலத்தை உடனே போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பெண்ணை அனுப்ப உத்தரவு போடுங்கள் என்றேன். அவர் பைப்பைத் தட்டிக்கொண்டே, "மழை வருமா? அழகையா என்ன சொல்றான்?" என்றார். அதற்குமேல் அங்கே நிற்பதில் பிரயோசனமில்லை.

மறுநாள் விடிந்ததும் பூவம்மாவே மூட்டை கட்டிவிட்டாள். நான் வாசலில் நின்றேன். அழகையா பெரட்டுக்குப் போகாமல் இருந்தார். மகள் மூட்டையோடு எழுந்ததும் நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். தலைப்பாகையைத் தலைக்கு அணையாகவும் வைத்துக்கொண்டார்.

"போறதுன்னா அப்பனத் தாண்டிட்டுப் போ" என்றார்.

பெற்றவனைத் தாண்டிப் போகிற பிள்ளை எங்கள் சனத்தில் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். நிறைவயிற்றுக்காரி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளையும் குறுக்க கெடக்கு, அப்பனும் குறுக்க கெடக்காரு. புள்ளையவாச்சும் திருப்பலாம்" என்றேன் நான். பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அசையவில்லை. லயம் சிரிக்குமே என்று பயந்தவர், லயம் முழுவதும் பார்க்க நிலைப்படியில் கிடந்து சிரிக்கவைத்தார். அது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

அதன்பிறகு தினமும் போய்ப் பிள்ளையைத் திருப்பினேன், தினமும் அது பழைய இடத்துக்குப் போனது.

வலி வந்தது ஒரு மத்தியானம். லயத்துக்கு மேலே பளிச்சென்ற நீலம். நமுனுகுலை தெரியவே இல்லை, அவ்வளவு கறுப்பு. மேலே இடி உருண்டது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, கம்பளியைக் கழியில் கட்டி, பூவம்மாவை அதில் கிடத்தித் தூக்கினோம். அழகையா முன்னால் நடந்தார். குடையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நல்லம்மா, "கொடைய விரிச்சுப் புள்ளைக்குப் பிடிக்கலாமில்ல?" என்றாள். அவர் விரிக்கவில்லை. கையில் விரித்த குடையோடு தம்மை யாராவது பார்த்தால் மழைக்குப் பயந்தவர் ஆகிவிடுவாராம்.

ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது கற்கள் காய்ந்துதான் கிடந்தன. கழியின் முன்பக்கம் பிடித்தவன் முதல் கல்லில் கால் வைத்தான். அப்போதுதான் சத்தம் கேட்டது. கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் எந்திரம் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல், வளைவுக்கு அப்பாலிருந்து. "காலை எடு!" என்று கத்தினேன். அவன் பின்வாங்கி மேட்டில் ஏறுவதற்குள் வளைவைத் திரும்பிக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறம், நுரை, சுள்ளி, வேரோடு ஒரு தேயிலைச் செடி. கற்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மொட்டைத் தூண்கள் பாதிக்கு மேல் மறைந்தன. கரையில் அடுக்கியிருந்த பலகைகளில் இரண்டு மிதந்து போயின. எங்கள் முதுகில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது.

அழகையா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழையே இல்லையே!" என்றார்.

"அப்ப ஆறு பொய் சொல்லுதா? இந்தப் பக்கம் வாங்க, வழிய விடுங்க" என்றேன்.

கரைக்குச் சற்று மேலே தேயிலை நாற்றுக்குக் காவல் இருப்பவனின் குடிசை இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கிடத்தினோம். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு வெந்நீர் வைக்கச் சொன்னேன். பனிக்குடம் உடைந்து பிள்ளையின் கை முதலில் வெளியே வந்துவிட்டது. இனி வெளியிலிருந்து திருப்ப வழியில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே விட்டு, காலைத் தேடிப் பிடித்துத் திருப்பினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மயக்க மருந்து கிடையாது. பூவம்மா அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். ஒரு தடவைகூட அப்பா என்று கத்தவில்லை.

ஆண் பிள்ளை. கால் முதலில் வந்தது, தலை வர நேரமாகிவிட்டது. வாயைத் துடைத்து, ஊதி, முதுகில் தட்டி, செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். அது அழவில்லை. அதை ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தேன், ஏனென்றால் ரத்தம் நிற்கவில்லை. முஷ்டியை அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். என் தோள் மரத்துப்போன பிறகு நின்றது.

நல்லம்மா வெளியே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் மொட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். "நீயே பாரு புள்ள. இங்க ஒரு சொட்டு விழுந்துச்சா? மண்ணத் தொட்டுப் பாரு. காஞ்சுதான் கெடக்கு."

"வாய மூடு" என்றாள் நல்லம்மா. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை நீ என்று கூப்பிட்டிராதவள். அவர் திடுக்கிட்டுப் போனார். பேரன் செத்ததைக் காட்டிலும் அதுதான் அவரை அதிகம் தாக்கியது என்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

விடியும்போது ஆறு வடிந்திருந்தது. மறுபடி கழியைத் தூக்கினார்கள். அழகையா முன்பக்கம் தோள் கொடுக்க வந்தார். பூவம்மா கண்ணைத் திறந்தாள்.

"அப்பா தூக்க வேணாம்" என்றாள்.

"கல்லு வழுக்கும்மா, நான் புடிச்சா—"

"வேணாம்."

கவ்வாத்துக்காரன் ஒருவன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் கடந்தோம். அவர் இந்தக் கரையிலேயே நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இன்னும் சற்று நேரம் போயிருந்தால் காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கும் என்றார். வெகுநாள் படுத்திருந்தாள். பிழைத்தாள்.

இனித் தோட்டத்தார் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். பெரட்டுக் களத்திலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் கூடிக்கூடிப் பேசினார்கள். முடிவு என்ன தெரியுமா? அழகையாவின் வாக்கு பொய்க்கவில்லை! லயத்தில் மழை இல்லை என்றார், லயத்தில் மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது வேறு விஷயம். "அது நமுனுகுலைத் தண்ணி. மலை எதுக்கும் கட்டுப்படாது" என்றார் பெரிய கங்காணி, ஏதோ நமுனுகுலை கப்பலேறிப் போக வேண்டிய நாடு என்பது போல. துரை தம் குவளையை எட்டிப் பார்த்தார், அது காலியாக இருந்தது, அவருக்கும் திருப்தி. பாலம் மட்டும் அவசரமாக எழும்பியது. அழகையாவின் பெயர் முன்னிலும் உயர்ந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

நான் பூவம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒருநாள் அவர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகள் தூங்குகிறாள் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டிலுக்காரியின் சொந்தக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தார். காமன் புகையில் தொடங்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். "...ஒரு சொட்டு விழலைங்க. வேணும்னா இந்த மருத்துவச்சியம்மாவையே கேளுங்க, கூடத்தான் இருந்தாங்க." என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

பூவம்மா தூங்கவில்லை. "அம்மா, அவர வெளிய போகச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். சொன்னேன். போனார். பழத்தைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

பிரசவம் ஆனவள் தாய்வீட்டுக்குத் திரும்பி உடம்பு தேறித்தான் புருஷனோடு போவது வழக்கம். அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ராமாமிர்தத்தின் பின்கட்டு அறையில் இருந்தாள். நல்லம்மா ஆற்றைக் கடந்து வந்து வந்து பத்தியம் சமைத்துக் கொடுத்தாள். கணபதி கூட்டிப்போக வந்தபோது, மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று இழுத்தான். "ஒங்க மாமா பேச்சத்தான் கேக்கணும்னா அவரு கூடவே குடும்பம் நடத்துங்க. எனக்கு வண்டி மட்டும் பேசி விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவன் இழுத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆள் அப்படியொன்றும் மோசமில்லை. எவரையாவது கேட்டு நடக்க வேண்டிய பிறவி, இப்போது சரியான ஆளைக் கேட்கத் தொடங்கினான்.

இரண்டாவது முறை உண்டானபோது அவள் மாசி பிறக்கும் முன்பே தானாகப் பதுளைக்கு வந்து அதே அறையில் இறங்கிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன், பிள்ளை தலைகீழாக, ஒழுங்காக இருந்தது. "ஆஸ்பத்திரி வேண்டியதில்லை, லயத்திலேயே பெறலாம்" என்று சொல்லக்கூடிய பிரசவம். நான் சொல்லவில்லை. பங்குனியில் அந்த அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே வீடு அதிர அழுதது.

செய்தி கேட்டு அழகையா இறங்கி வந்தார். புது வேட்டி, தலைப்பாகை. குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தார். ராமாமிர்தம் மரியாதைக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு முற்றத்துக்குப் போய் மலைப் பக்கம் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

"இன்னிக்கு மழை வராது. இருந்து, சாப்பிட்டு, மெதுவாப் போறேன்" என்றார்.

பூவம்மா குழந்தையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வந்தாலும் வராட்டியும் கெளம்புங்கப்பா" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.